விடை தெரியாத வினாவுக்கு ஓர் இடம்

(கண்டியில் கணித ஆசிரியர்களின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக் கூட்டம் என்றால் என்னென்ன நடக்கும் என்பது நமக்குப் பழக்கம். மங்கள விளக்கு, செயலாளர் அறிக்கை, கணக்கறிக்கை, புதிய நிர்வாகக் குழுத் தெரிவு, பொன்னாடை, மதியச் சாப்பாடு. இவை எல்லாம் வேண்டியவைதாம். இவை இல்லாமல் எந்தச் சங்கமும் நிலைத்ததில்லை. ஆனால் கூடுவது கணிதச் சங்கம் என்றால் இன்னும் ஒன்று நடக்க வேண்டும். யாராவது எழுந்து ஒரு வினாவை எல்லோர் முன்னிலையிலும் வைக்க வேண்டும். அதற்கு அன்றைக்கே விடை வராவிட்டாலும் பரவாயில்லை என்று மற்றவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அதில் வரும் இராமானுஜன் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையை ஒரு தனி மேதையின் கதையாகவே சொல்லிச் சொல்லி, அதற்குப் பின்னால் இருந்த சங்கத்தை நாம் மறந்துவிட்டோம்.

வி. இராமசுவாமி ஐயர் என்று ஒருவர். கணிதத்தில் ஆழ்ந்த ஈடுபாடு; பார்த்த உத்தியோகமோ டெப்டி கலெக்டர். கணித நூல்களும் வெளிநாட்டு ஆய்விதழ்களும் விலை கூடியவை. ஒருவர் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆர்வமுள்ளவர்கள் சந்தா போட்டு இதழ்களை வரவழைத்து, தபாலில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்பிப் படிக்கலாம் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1907 ஏப்ரலில் இருபது பேருடன் அந்தக் குழு பிறந்தது. பின்னர் அதுவே இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. நூலகம் பூனாவில் பெர்கூசன் கல்லூரியில் இருந்தது. சங்கத்துக்கென்று ஓர் இதழும் வெளிவரத் தொடங்கியது. கவனியுங்கள், அந்தச் சங்கத்தின் முதல் மாநாடு சென்னையில் கூடியது 1916இல்தான். ஒன்பது ஆண்டு ஒரு மாநாடும் இல்லாமல், வெறும் தபாலையும் ஓர் இதழையும் நம்பியே அந்தச் சங்கம் உயிரோடு இருந்தது.

1910இல் கல்லூரிப் படிப்பை முடிக்காத ஓர் இளைஞன், நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு, திருக்கோவிலூரில் இருந்த இராமசுவாமி ஐயரைத் தேடிப் போனான். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிய ஐயருக்கு, இவனை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் உட்காரவைத்து மழுங்கடிக்க மனம் வரவில்லை. சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே சேஷு ஐயர். அவரும் சங்கத்தவர், கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர். அவர் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவும் சங்கத்தவரே, மாதா மாதம் தன் கையிலிருந்து பணம் கொடுத்து இராமானுஜனைத் தாங்கினார். பிறகு 1912 மார்ச்சில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் வேலை. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், சங்கத்தின் பொருளாளர். மாலையில் இருவரும் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் 1913 ஜனவரியில்தான் போகிறது. அதற்கு முந்திய ஒவ்வொரு படியிலும் கைகொடுத்து ஏற்றிவிட்டவர் ஒரு கணிதச் சங்கத்தின் உறுப்பினர். கேம்பிரிட்ஜ் இராமானுஜனைக் கண்டுபிடித்தது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது; ஆனால் அதற்கு முன்னமே, உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கணிதம் படித்த ஒரு சிறு கூட்டம் அவரைக் கண்டுபிடித்துவிட்டது.

அந்தச் சங்கத்தின் இதழில் வாசகர்கள் வினா அனுப்பும் பகுதி ஒன்று இருந்தது. வினாவுக்கு எண் கொடுத்து அச்சிடுவார்கள். அடுத்தடுத்த இதழ்களில் மற்றவர்கள் விடை எழுதுவார்கள். 1911இல் அதில் வெளிவந்த 289ஆம் வினா இராமானுஜன் அனுப்பியது. அதைக் கரும்பலகையில் எழுதுகிறேன்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் பெறுமானம் என்ன? மூன்று இதழ்கள் வந்து போயின, ஆறு மாதம் கழிந்தது. ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் இராமானுஜனே விடையை எழுதினார்: 3.

இது எப்படி வருகிறது என்பதைச் சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கும் காட்டலாம். 3 என்பது √9. ஒன்பதை 1 + 8 என்று எழுதி, எட்டை 2 × 4 ஆக்குங்கள். அந்த 4 என்பது √16. பதினாறு 1 + 15, பதினைந்து 3 × 5. அந்த 5 என்பது √25. இருபத்தைந்து 1 + 24, இருபத்துநான்கு 4 × 6. ஆறையும் இப்படியே திறக்கலாம். முடிவே இல்லாமல் போகலாம். வகுப்பில் இதைச் செய்து காட்டினால் பின் வரிசையில் இருக்கும் பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும்.

பெரும்பாலும் நாம் இங்கேயே நின்றுவிடுகிறோம். இன்னும் ஓர் அடி வையுங்கள். ஒரு மாணவி எழுந்து, “சேர், நான் 4 என்றும் இதே மாதிரிக் காட்டுவேன்” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 4 என்பது √16. பதினாறு 1 + 15. பதினைந்து 2 × 7.5. அந்த 7.5 என்பது √56.25, அது 1 + 55.25, 55.25ஐ 3 × 18.4166… என்று எழுதலாம். அதையும் திறக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் அதே கோலம்: 1 + 2√, 1 + 3√, 1 + 4√. இப்போது விடை மூன்றா, நான்கா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை “உட்கார், பாடத்திட்டத்தில் இல்லை” என்று அடக்கிவிட்டால், அன்றைக்கு அந்த வகுப்பில் கணிதம் நடக்கவில்லை. ஏனென்றால் அவள் தொட்டிருப்பது நுண்கணிதத்தின் அடித்தளத்தை. முடிவில்லாத ஒரு கோவைக்குப் பெறுமானம் உண்டு என்று எப்போது சொல்லலாம் என்பதே அவளது கேள்வி. நாம் செய்ய வேண்டியது, கோவையை ஓர் இடத்தில் வெட்டிக் கணித்துப் பார்ப்பது. √(1 + 2) என்று வெட்டினால் ஏறத்தாழ 1.73. இன்னொரு படி போனால் 2.24. அடுத்து 2.56. அதற்கடுத்து 2.76. ஏறிக்கொண்டே போகிறது, மூன்றைத் தாண்டவில்லை. மூன்றை நெருங்கியே தீரும் என்பதையும் நிறுவலாம். வெட்டிய இடத்தில் உள்ளபடி இருக்க வேண்டிய எண்ணுக்குப் பதிலாக 1ஐ வைக்கிறோம் அல்லவா, அதனால் வரும் பிழையை விகிதமாக எடுத்து அதற்கு மடக்கை காணுங்கள். ஒவ்வொரு வர்க்கமூலத்தைக் கடந்து மேலே வரும்போதும் அந்த மடக்கை பாதிக்கு மேல் இருக்க முடியாது. மூன்றுக்கான எண்கள் 4, 5, 6, 7 என்று மெல்லக் கூடுகின்றன. பாதி பாதியாகக் குறையும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. பிழை கரைந்துபோகிறது. அந்த மாணவியின் நான்கில் நடப்பது வேறு. அங்கே உள்ளே போகப் போக எண்கள் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு கொழுக்கின்றன. மடக்கை ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. பாதியாக்குவதும் இரட்டிப்பதும் ஒன்றையொன்று கழித்துவிட, பிழை அப்படியே நிற்கிறது. ஆகவே விடை 3.

இப்படிப்பட்ட வர்க்கமூல அடுக்குகள் எப்போது ஒரு பெறுமானத்தில் வந்து நிற்கும் என்பதற்குப் பொதுவான நிபந்தனையைத் தந்தவரும் ஒரு தமிழர், தி. விஜயராகவன். ஹார்டியிடம் பயின்று, பின்னாளில் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தவர். ஒரு சங்கத்தின் இதழில் ஆறு மாதம் விடையின்றிக் கிடந்த வினா, அடுத்த தலைமுறையில் ஒரு தேற்றமாக வளர்ந்தது.

போலந்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. லுவோவ் நகரில் பானாக், மசூர், உலாம் முதலியோர் ஒரு காபிக் கடையில் கூடிப் பேசுவார்கள். பேச்சில் எழும் வினாக்களை எழுத ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் அங்கேயே இருந்தது. 1936இல் மசூர் அதில் ஒரு வினாவை எழுதி, தீர்ப்பவருக்கு ஓர் உயிருள்ள வாத்து பரிசு என்று போட்டார். போர் வந்தது. அந்த நகரமே வேறு நாட்டுக்குப் போனது. 1972இல் பெர் என்ஃப்லோ என்ற சுவீடன் நாட்டவர் அதைத் தீர்த்தார். மசூர் வாக்குத் தவறாமல் வாத்தைக் கொடுத்தார்.

இனி நம் பக்கம் வருவோம். நம் நாட்டிலும் கணிதத்துக்குத் தமிழ்ப் பெயர்கள் குறைவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் செ. சுந்தரலிங்கம்; பின்னர் அரசியலுக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவர்களில் கிறிஸ்டி ஜயரத்தினம் எலியேசர் தனித்து நிற்கிறார். கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். கதிர்வீச்சினால் சக்தியை இழக்கும் இலத்திரன் கருவுக்குள் விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். டிராக்கின் சமன்பாட்டை ஒழுங்காகத் தீர்த்துப் பார்த்தால் அது விழாது என்று 1943இல் காட்டினார் எலியேசர். எல்லோரும் எதிர்பார்த்த விடையையே ஒருமுறை கணித்துப் பார்க்கும் துணிவு அது. கொழும்பில் பேராசிரியராக இருந்த அவர் மலாயாவுக்கும் பின் ஆஸ்திரேலியாவுக்கும் போனார். அப்படிப் போனவர்களின் நிரல் நீளமானது; அதைப் பேசத் தொடங்கினால் இன்றைய பொழுது போதாது.

சங்கங்களும் நமக்கு உண்டு. 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஆண்டுதோறும் அமர்வு நடத்துகிறது. 1991இல், போரும் பொருளாதாரத் தடையும் நெருக்கிய காலத்தில், யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் தொடங்கப்பட்டது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் அறிவியல் அமர்வுக்கு ஆட்கள் கூடினார்கள். நமக்கு இங்கே வசதி குறைவு என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. கண்டியின் வாசலிலேயே பேராதனை இருக்கிறது. விஞ்ஞான பீடம் 1961இலிருந்து, விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1996இலிருந்து. ஹந்தானை மலையில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். இவ்வளவும் இருந்தும் பேராதனையில் ஆய்வு செய்பவருக்கும் புசல்லாவையில் தரம் 10க்குப் படிப்பிப்பவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை. தூரம் அதிகமில்லை, ஆனால் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

பேராதனையில் எழுந்த ஒரு கணிதம் இந்த நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்திருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. நான் சொல்வது இசட் புள்ளியை. 2001இல் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்த முறை வந்தது. முன்மொழிந்தவர் பேராதனையின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறோம். இணைந்த கணித வினாத்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் அதை எடுத்த பிள்ளை நட்டப்படக் கூடாது என்பதே நோக்கம். அதன் பின் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடங்கள் பிரிகின்றன. தசம தானத்தில் ஒன்று குறைந்ததால் பொறியியல் போய்விட்டது என்று அழும் பெற்றோரை நம்மில் எத்தனை பேர் ஆறுதல்படுத்தியிருக்கிறோம்!

2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் தோற்றினார்கள். இரண்டு வேறு வினாத்தாள்கள். இசட் புள்ளி கணிக்கும்போது இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்புச் செல்லாது, இரண்டையும் வெவ்வேறு குடித்தொகையாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இடையும் நியம விலகலும் எந்தக் கூட்டத்துக்கு உரியவை என்பது தரம் 11இல் நாம் படிப்பிக்கும் விடயத்தோடு ஒட்டியது. நாடு முழுவதும் பிள்ளைகள் தவித்த அந்த மாதங்களில், ஒவ்வொரு மாவட்டத்திலும் கணித ஆசிரியர்கள் கூடி, என்ன நடந்தது, ஏன் பிழை என்று பெற்றோருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கியிருக்க வேண்டும். அது சட்டத்தரணிகளின் வேலையாகவே போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கவலை அது.

மலையகத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரானதிலிருந்து கணக்கு வைத்தால், நூறாண்டுக்கு மேல் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஓராசிரியர் தோட்டப் பாடசாலைதான். எழுபதுகளில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்த பிறகே பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் தொகையாக வரத் தொடங்கினார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தரக் கணிதப் பிரிவு நடத்துபவை இன்றைக்கும் சிலவே. கெட்டிக்காரப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகிறது, அல்லது கலைப் பிரிவில் சேர்ந்துகொள்கிறது. கணிதம் படிப்பிக்க ஆள் இல்லாததால் கணிதம் படித்தவர் வருவதில்லை; படித்தவர் வராததால் படிப்பிக்க ஆள் இல்லை. இந்த வட்டத்தை உடைக்கச் சுற்றறிக்கை மட்டும் போதாது.

பரீட்சை நெருங்கினால் கருத்தரங்குக்கு மண்டபம் நிறைகிறது. கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், எதிர்பார்க்கை வினாத்தாள். நான் அதை வெறுப்பவன் அல்லன். நானும் செய்திருக்கிறேன், பிள்ளைக்குச் சித்தி வேண்டும். ஆனால் அந்த மண்டபத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வினாவுக்கும் விடை முன்னமே அச்சாகி மேசையில் இருக்கிறது. பத்து ஆண்டு இப்படியே வளரும் பிள்ளை, கணிதம் என்றால் யாரோ ஒளித்துவைத்த விடையை விரைவாகக் கண்டெடுப்பது என்று நம்பிவிடுகிறது. வருடத்தில் ஒரு நாளாவது, தன் ஆசிரியரும் விடை தெரியாமல் யோசித்துக்கொண்டு நிற்பதை அது பார்க்க வேண்டும்.

அதற்குப் பாடசாலை ஆசிரியர்களே வழி செய்யலாம். 1883இல் எடின்பரோ கணிதச் சங்கத்தைத் தொடங்க முன்னின்ற மூவரில் இருவர் ஒரே பாடசாலையின் ஆசிரியர்கள். ஆரம்பத்தில் அதன் உறுப்பினரில் பெரும்பாலோரும் பாடசாலை ஆசிரியர்களே. பல்கலைக்கழகம் முன்வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கமும் அப்படித்தான்; மாணவருக்குப் போட்டி, ஆசிரியருக்கு இதழ், ஆண்டுக்கொரு மாநாடு என்று இன்றும் நடக்கிறது.

நாம் செய்யக்கூடியது எளிது. அடுத்த ஆண்டுக் கூட்டம் கண்டியில் வேண்டாம். ஹட்டனிலோ மாத்தளையிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் நடக்கட்டும். பிற்பகல் முழுவதையும் வினாக்களுக்கு விடுங்கள். எந்தப் பிள்ளையும் எந்த ஆசிரியரும் ஒரு வினாவை எண் போட்டுச் சங்கத்துக்கு எழுதலாம் என்று அறிவியுங்கள். கேட்டவர் பெயரோடும் பாடசாலைப் பெயரோடும் அது எல்லோருக்கும் போய்ச் சேரட்டும். இராமசுவாமி ஐயருக்குத் தபால் இருந்தது. நம் கையில் கைபேசி இருக்கிறது. பேராதனை விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: வளவாளராக வந்து இரண்டு மணிநேரம் பேசிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகளின் வினாக்களைப் பார்த்து, “இது எனக்கும் தெரியவில்லை, யோசிப்போம்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லுங்கள்.

முதல் வினாவை நானே தருகிறேன். இராமானுஜனின் 289ஆம் வினாவுக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் முதல் பகுதியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கரும்பலகையில் எழுதுகிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்:

√(6 + 2√(7 + 3√(8 + 4√(9 + …))))

பெறுமானத்தைக் காணுங்கள். கண்ட பிறகு, வேறொரு எண் இதே கோலத்தில் ஏன் விடையாக வர முடியாது என்பதையும் நிறுவுங்கள். இரண்டாவதுதான் உண்மையான வேலை. விடையை நான் இன்றைக்குச் சொல்லப்போவதில்லை. செயலாளர் முகவரியைத் தருவார், எழுதி அனுப்புங்கள்.